கட்டையில் உட்கார்ந்த கத்திக்காரன்

ஸ்டீபன் செய்த கத்திகளில் ஒன்று சென்னையில் ஒரு டாக்டர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பழவேற்காட்டில் இது தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் அன்றைக்குத்தான் பொன்னேரி பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். அவருக்கும் சாயங்காலத்துக்குள் ஸ்டீபனே சொல்லிவிடுவான். டாக்டர் அந்தக் கத்தியால் இதுவரை ஒரு வெங்காயம்கூட நறுக்கியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவான். ஒரு கத்திக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்பது அவன் எண்ணம்.

ஸ்டீபனுக்கு வயது நாற்பத்தாறு. பிறந்தது ஏரிக்கு மேற்கே, நெல் விளைகிற பக்கம். மீனைத் தட்டில் மட்டும் பார்த்து வளர்ந்தவன். காட்டுப்பள்ளியில் காண்ட்ராக்ட் வெல்டராகப் பதினோரு வருஷம் வேலை பார்த்தான். பழவேற்காட்டு ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டு, ஏரிக்கரையில் இருந்த மாமனார் வீட்டிலேயே குடியேறினான். வீட்டுக்குப் பின்னால் இருபது அடி நடந்தால் ஏரி. பதினெட்டு வருஷத்தில் அவன் அந்த ஏரியில் கால் நனைத்தது நாலு தடவை. அதிலும் இரண்டு தடவை தவறி விழுந்தது. காண்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு வந்த மாதம், சும்மா இருக்க முடியாமல் ஒரு கத்தி செய்தான். அது கோணலாக வந்தது. இரண்டாவது நேராக வந்தது. அதோடு ஆளுக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

ஜெசிந்தாவின் அப்பா சாவதற்கு முன்னால் ஒரு பாத்ரூம் கட்ட ஆரம்பித்தார். சுவர் வந்தது, ஷீட் கூரை வந்தது, குழாய் மட்டும் வரவில்லை. அந்த அறையில் ஸ்டீபன் உலை போட்டான். ஒரு முழத் தண்டவாளத் துண்டை மரக்கட்டையில் அடித்து நிறுத்தி, அடிக்கிற கல்லாக வைத்துக்கொண்டான். சாணைக்கு ஒரு பழைய கிரைண்டர் மோட்டார். ஐந்து வருஷமாக அது அவனுக்குப் பட்டறை. ஜெசிந்தாவுக்கு இன்றுவரை பாத்ரூம்தான். "பாத்ரூம்ல இருக்காரு" என்று அவள் சொன்னால், வந்தவர்கள் வெளியே மரியாதையாகக் காத்திருப்பார்கள். உள்ளேயிருந்து சம்மட்டி அடிக்கும் சத்தம் கேட்கும்.

வேலை என்னவோ சுத்தமான வேலைதான், அதைச் சொல்லியாக வேண்டும். லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக ஸ்பிரிங் பட்டை இருக்குமே, அதைக் காயலாங்கடையில் வாங்கி வருவான். வெட்டி, உலையில் பழுக்க வைத்து, அடித்து, சாணை பிடித்து உருவத்துக்குக் கொண்டுவருவான். அதற்குப் பிறகுதான் உயிர்நிலை. தோய்ச்சல் என்பார்கள். அலகைச் செக்கச்செவேலென்று பழுக்க வைத்து, ஒரே மூச்சில் தண்ணீரில் முக்குவது. இரும்பு அந்த ஒரு நொடியில்தான் கத்தியாகிறது. அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது, ஜெசிந்தா தேங்காய் துருவக் கூடாது. பிறகு சுடுமணலில் வைத்து முறுக்கைக் கொஞ்சம் இறக்குவான். பூவரசு மரத்தில் பிடி, மூன்று ரிவிட், மேலே மூன்று கோட் வார்னிஷ். கடைசியாகப் பிடியைத் தன் கையில் பிடித்துப் பார்த்து, "சரியா உக்காருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால்தான் கத்தி வெளியே போகும். அவன் கை சாப்பாட்டுத் தட்டு அகலம். வாங்குகிறவர்களோ பெரும்பாலும் பெண்கள். இந்த இரண்டையும் அவன் சேர்த்து யோசித்ததேயில்லை.

தோய்ச்சலுக்கு ஏரித் தண்ணீர். குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் வரும். "இரும்புக்கு ஊத்தறதுக்கு நான் குடத்த வெச்சிக்கினு லைன்ல நிக்கல" என்று ஜெசிந்தா முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் பின்பக்கம் போய் இரண்டு பக்கெட் மொண்டு தொட்டியில் ஊற்றிக்கொள்வான். மாதம் ஒரு தரம் மாற்றுவான். ஐந்து வருஷமாக ஒரு கத்திக்கும் குறை வந்ததில்லை.

அதே ஜெசிந்தா வீட்டில் மீன் ஆய்வது, கல்யாணத்தின்போது அவள் அம்மா கொடுத்த அரிவாள்மனையில். புருஷன் செய்த கத்தியை அவள் தொட்டதேயில்லை. கேட்டால், "அதெல்லாம் செவுத்துல மாட்டறதுக்கு சோக்கா இருக்கும்" என்பாள். இதை ஸ்டீபன் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

பழவேற்காடு மீன் மார்க்கெட்டில், வாங்கின மீனை வெட்டிக் கொடுக்கும் பெண்கள் பதினோரு பேர். ஆளுக்கு, மீனை வைத்து வெட்ட ஒரு புளியமரக் கட்டை. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து கார்கள் வந்து நிற்கும். வாரத்துப் பிழைப்பில் பாதி அந்த ஒரு காலையில்தான். பன்னிரண்டாவது கட்டை போட இடம் கிடையாது. உட்காரக் காத்திருப்பவர்களோ ஏகப்பட்ட பேர். எந்த வலை என்றைக்கு ஏரியில் எங்கே இறங்கலாம் என்று சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்கிற ஊர் இது. மீன் பிடிக்கவே முறை வைத்தவர்கள், வெட்டுவதற்கு வைக்காமல் விடுவார்களா?

முறை இதுதான். ஒரு கட்டை மூன்று ஞாயிறு சேர்ந்தாற்போல் காலியாகக் கிடந்தால், காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போய்விடும். பதிலாள் உட்காரலாம். ஆனால் அவர் கட்டைக்காரி வீட்டு ஆளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளை உட்கார முடியாமல் செய்த ஆளாக இருக்க வேண்டும். இரண்டாவது விதி ஒரு வண்டிக்காரனால் வந்தது. அவன் ஒருத்தியை மோதிக் காலை உடைத்துவிட்டு, கால் கூடும்வரை இரண்டு மாதம் தன் பெண்டாட்டியைக் கட்டையில் உட்கார வைத்தான். அதிலிருந்து அதுவும் சட்டமாகிவிட்டது. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவள் முதல் கட்டைக்காரி தனக்கோடி. அவள் பேச்சை மீறி ஒரு செதில்கூட அங்கே பறக்காது.

ஏழாவது கட்டை காந்தாவுடையது. லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. புருஷன் கடலோடு போய்விட்டான். ஒரே மகள் வைஷ்ணவி நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். மகள் இந்தக் கட்டையில் உட்காரக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டையில் உட்கார்ந்திருப்பவள் காந்தா. கட்டை போனால் படிப்பும் போகும். அவளுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

இந்த வருஷம் சித்திரையில், பெரிய படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். மார்க்கெட் முழுக்க ஏரி மீன். ஒரு புதன்கிழமை ஒருத்தர் கெளுத்தி கொண்டுவந்தார். கெளுத்தியின் மண்டை ஓடு கெட்டியானது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். காந்தா, போன மாதம் ஸ்டீபனிடம் வாங்கிய கத்தியைத் தலையில் இறக்கினாள். கத்தி நடுவில் படக்கென்று முறிந்தது. முனை மீன் தலையிலேயே நின்றுவிட்டது. கை பிடியிலிருந்து வழுக்கி, மிச்சமிருந்த அலகின்மேல் போய் இறங்கியது. வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நரம்பு அறுந்திருக்கிறது, ஆறு வாரம் கையை அசைக்கவே கூடாது என்றார்கள்.

ஸ்டீபனுக்கு ஆள் போய்ச் சொன்னது. ஓடி வந்தான். காந்தாவை அப்போதுதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வந்தவன் நேராகப் போய் முறிந்த கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தான். இதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். அவன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் ஆட்டோ பாலம் தாண்டிவிட்டது.

"கத்தி வெட்டறதுக்கு. ஒடைக்கறதுக்கு இல்ல" என்றான். "கெளுத்தி மண்டைல போட்டு இடிச்சா அது இன்னா பண்ணும்?"

இதையே டீக்கடையில் சொன்னான், பஸ் ஸ்டாண்டில் சொன்னான், பூசை முடிந்து சர்ச் வாசலில் சொன்னான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டியதை அவன் ஒப்புக்கொண்டதாகக் கணக்கில் வைத்தான்.

சனிக்கிழமை தனக்கோடி வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே பேச்சை ஆரம்பித்தாள்.

"நைனா, நாளைக்கு காந்தா கட்டை காலி."

"தெரியும்க்கா. பாவம்."

"பாவத்த வெச்சி மீன் வெட்ட முடியாது. பொண்ண உக்கார வைக்க மாட்டன்னுட்டா. நீ வந்து உக்காரு."

"நானா?"

"கத்தி பண்ணவன் நீதான?"

"கத்தி பண்ணவன்தான்க்கா. மீன் வெட்டனவன் இல்ல."

"அதான் வெட்டுன்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

உள்ளே ஜெசிந்தா சிரித்த சத்தம் கேட்டது. ஸ்டீபன் கொஞ்ச நேரம் யோசித்து, ஒரு ஏழைப் பெண்ணுக்குத் தான் செய்யும் உதவி இது என்று முடிவுக்கு வந்தான். உதவி என்று பெயர் வைத்த பிறகு அவனுக்குத் தெம்பு வந்தது.

முதல் ஞாயிறு வெல்டிங் ஏப்ரனும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போய் ஏழாவது கட்டையில் உட்கார்ந்தான். கையில் தன்னுடைய கத்தியிலேயே நல்ல கத்தி, புத்தம் புதுசு. முதல் கிராக்கி ஒரு கொடுவா மீனை நீட்டி, குழம்புத் துண்டு போடச் சொன்னார். ஸ்டீபன் பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்து, மீன்மேல் ஒன்றரை இஞ்சுக்கு ஒன்றரை இஞ்சு கோடு கிழித்தான். ஈர மீனில் கோடு நிற்கவில்லை. மறுபடி கிழித்தான். பக்கத்துக் கட்டையில் வித்யா, வெட்டிக்கொண்டிருந்த மீனை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு மீனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. துண்டுகள் அளவெடுத்த மாதிரி இருந்தன, அதில் குறை சொல்ல முடியாது. பித்தப்பை மட்டும் உடைந்து எல்லாத் துண்டும் கசந்திருக்கும்.

மூன்றாவது மீனில் அவனுக்கு வேறொன்று புரிய ஆரம்பித்தது. மீன் வழவழப்பும் தண்ணீரும் சேர்ந்ததும், மூன்று கோட் வார்னிஷ் அடித்த பிடி நனைந்த சோப்பாகிவிட்டது. இறுக்கிப் பிடித்தால் திரும்பியது. இன்னும் இறுக்கினால் முன்னால் வழுக்கியது. நிமிர்ந்து வரிசையைப் பார்த்தான். அவன் செய்த கத்தியை வைத்திருந்த எல்லாப் பெண்களும் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருந்தார்கள். அவன் இதை முன்பே பார்த்திருக்கிறான். பார்த்துக் கோபப்பட்டும் இருக்கிறான். போன வருஷம் காந்தாவிடம், "இவ்ளோ பளபளன்னு பண்ணிக் குடுத்தா அழுக்கு ட்யூப்ப சுத்தி வெச்சிக்கிறியே, டாக்டரு பாத்தா இன்னா நெனைப்பாரு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டான்.

முறிந்துபோன கத்தியின் பிடியில் ட்யூப் இல்லை. அவன் மனசு நோகக் கூடாது என்று இந்தத் தடவை காந்தா சுற்றாமல் வைத்திருந்தாள். இது ஞாபகம் வந்ததும் அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்தான்.

வாரம் முழுக்கப் போய் உட்கார்ந்தான். கெளுத்தி முள்ளும், நண்டுக் கொடுக்கும், தன் கத்தியுமாகச் சேர்ந்து அவன் கையைச் சல்லடையாக்கின. டீக்கடையில் மட்டும் பழைய பேச்சை விடவில்லை. "அவ கெளுத்தி மண்டைல போட்டு இடிச்சா. நான் ஒரு உதவிக்கு உக்காந்துகினு கீறேன்."

இது ஹேமாவதி காதில் விழுந்தது. காத்திருப்பவர்களில் முதல் ஆள் ஹேமாவதி. ஏரிக்கு மேற்கே வயல்காட்டு ஊரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள். வீட்டில் மூன்று பிள்ளைகள், நடமாட முடியாத மாமியார். அவள் கெட்டவள் இல்லை, அவளுக்கும் ஒரு கட்டை வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது ஞாயிறு நேராகத் தனக்கோடி முன்னால் வந்து நின்றாள்.

"யக்கா, இவுரு காந்தா வூட்டு ஆளா?"

"இல்ல."

"அப்ப காந்தாவ உக்கார முடியாம பண்ண ஆளா?"

"கத்தி அவன் பண்ணதுதான."

"பண்ணது அவுருதான். ஆனா தப்பு காந்தா மேலன்னு ஊரு பூரா அவுருதான் சொல்லிக்கினு கீறாரு. தப்பு அவுரு மேல இல்லன்னா, இவுரு யாரோ ஒரு ஆளு. யாரோ ஒரு ஆளு உக்காந்தா கட்டை காலின்னுதான அர்த்தம்? ரெண்டு ஞாயிறு ஆச்சி."

தனக்கோடி பாக்கை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். அவள் அதைச் செய்தால் எதிராளி சொல்வது நியாயம் என்று பொருள்.

"ஸ்டீபா, அவ கேக்கறது சரி. அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாடியும் நீ சொல்லு. குத்தம் உன்னுதுன்னா காந்தா கட்டை காந்தாவுக்கு. உன்னுது இல்லன்னா ஹேமாவுக்கு. வழவழா கொழகொழா வேலையெல்லாம் ஆவாது."

ஸ்டீபன் வீட்டுக்கு வந்து பட்டறையில் உட்கார்ந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. குற்றம் தன்னுடையது என்று சொன்னால், ஐந்து வருஷப் பெயர் ஒரே நாளில் மண்ணாகும். அதற்கப்புறம் எவன் கத்தி வாங்குவான்? இல்லை என்று சொன்னால் காந்தாவின் கட்டை போய்விடும். சரி, பிடி வழுக்கியது தன் தப்பு, அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கத்தி ஏன் முறிந்தது? அதே பட்டை, அதே உலை, அதே கை. முறியவே கூடாது. முறிந்தால் அவள்தான் எதையோ செய்திருக்க வேண்டும். இப்படியே இரண்டு நாள் ஓடியது.

செவ்வாய்க்கிழமை தொட்டித் தண்ணீரை மாற்றும் நாள். பின்பக்கம் போய் பக்கெட்டை ஏரியில் முக்கினான். கை உள்ளே போனதும் "யம்மா!" என்று கத்திவிட்டுப் பக்கெட்டை விட்டான். மிளகாய்த்தூளில் கையை விட்ட மாதிரி கீறல் ஒவ்வொன்றும் எரிந்தது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். "இன்னா?"

"தண்ணி எரியுது."

"எரியாம? மொகத்துவாரம் மணல் மூடி மூணு மாசம் ஆவுது. மழையும் இல்ல. ஏரி பூரா உப்பா கீது. எறாலே சாவுதுன்னு அவனவன் அழுதுக்கினு கீறான்."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"ஏரின்னா யாரு வந்து சொல்லுவாங்க? ஊருக்கே தெரியும். நீ கேட்டாதான?"

ஏரிக்காரர் மகள் அவள். அவளுக்கு அது செய்தியே இல்லை. ஸ்டீபனுக்குக் காலடி மண் நழுவியது. பதினோரு வருஷம் வெல்டராக இருந்தவனுக்கு இரும்பைப் பற்றித் தெரியாதா? உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும். உப்பு ஏற ஏற இரும்பு வெடுக்கென்று இறுகும், உள்ளுக்குள் மயிரிழையாக விரிசல் விடும். முகத்துவாரம் மூடியது மாசியில். காந்தாவின் கத்திக்குத் தோய்ச்சல் போட்டது பங்குனியில்.

அன்றைக்கு ஒரே பட்டையிலிருந்து இரண்டு அலகு அடித்தான். ஒன்றை ஏரித் தண்ணீரில் முக்கினான். இன்னொன்றுக்கு, ஜெசிந்தா கடைக்குப் போன நேரம் பார்த்து, குடிதண்ணீரில் ஒரு குடத்தைத் திருடினான். பிறகு வெல்டர்கள் விரிசல் பார்க்கிற வழியில் இரண்டையும் பார்த்தான். மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் மாவைத் தடவி வைத்தால் போதும். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கோடாகத் தெரியும். குடத்துத் தண்ணீர் அலகு வெள்ளையாகவே இருந்தது. ஏரித் தண்ணீர் அலகில், நடுவில் மெல்லிசாக ஒரு கோடு வந்தது. காந்தாவின் கத்தி முறிந்த அதே இடம்.

ஸ்டீபனுக்கு முதலில் சந்தோஷம் வந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற தொழில்காரன் சந்தோஷம். அது ஒரு நிமிஷம்தான் இருந்தது. அதற்கப்புறம் அவன் அந்தப் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதான். காந்தாவின் விரல் ஞாபகம் வந்து அழுதான். ஆட்டோ கிளம்பும்போது தான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது ஞாபகம் வந்து இன்னும் அழுதான். ஜெசிந்தா திரும்பி வந்து, குடம் குறைந்திருப்பதைப் பார்த்து, சண்டைக்கு வந்தவள், அவன் அழுவதைக் கண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மூன்றாவது ஞாயிறு மார்க்கெட் கூடுவதற்கு முன்பே வந்துவிட்டான். ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், ஒரு டப்பா சாக்பீஸ் மாவு, பழைய துணி. ஹேமாவதியும் வந்து நின்றாள். தனக்கோடி, "சொல்லு" என்றாள்.

"குத்தம் என்னுது" என்றான் ஸ்டீபன். கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். "கத்தியும் என்னுது, தண்ணியும் நான் மொண்டது, வார்னிஷும் நான் அடிச்சது. காந்தா மேல ஒண்ணியும் இல்ல. அவ மேல தப்புன்னு நான் பேசனது பொய். மாசிக்கு அப்பால என்னாண்ட கத்தி வாங்கனவங்க எல்லாம் எடுத்துக்கினு வாங்க."

ஒன்பது கத்தி வந்தது. ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, மாவு தடவிக் கட்டையில் வரிசையாக வைத்தான். "மீன் வெட்டற எடத்துல மண்ணெண்ணெயா?" என்று தனக்கோடி மட்டும் முணுமுணுத்தாள். பெண்கள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து கத்தியில் கோடு வந்தது. வித்யாவின் கத்தியில் இரண்டு கோடு. அவள் தன் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். ஸ்டீபன் ஐந்தையும் சாக்கடை மூடியின் சந்தில் கொடுத்து வளைத்தான். ஐந்தும் முறுக்கு உடைகிற மாதிரி உடைந்தன. அதே தண்ணீரில் முக்கியவை என்பதால், கோடு வராத நாலையும் தன் புதுக் கத்தியையும் அவனே எடுத்து அப்படியே உடைத்தான். அவற்றை உடைக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

"கட்டை காந்தாவுக்கு" என்றாள் தனக்கோடி.

ஹேமாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்த மொத நாளே சொல்லியிருந்தா, நான் ரெண்டு ஞாயிறு பஸ்ஸுக்கு அலைஞ்சிருக்க மாட்டேன்" என்றாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. மணி எட்டரை. பாலத்தின்மேல் கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மீன் வெட்டும் வரிசையில் ஒன்பது பேர் கையில் கத்தி இல்லை. அவரவர் வீட்டுக்கு ஓடி, கிடைத்ததை எடுத்துவந்தார்கள். ஸ்டீபனும் ஓடினான். ஜெசிந்தா அரிவாள்மனையைக் கொடுத்து, "அம்மா குடுத்தது. ஒடைச்சி கிடைச்சி வெச்சிடாத" என்றாள். அன்றைக்குப் பூராவும் அவன் அதில் வெட்டினான். அது வழுக்கவேயில்லை என்பதைக் கவனித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் ஒருத்தரும் அவனிடம் கத்தி கேட்கவில்லை. டீக்கடையில் டாக்டர் பேச்சை அவனும் எடுக்கவில்லை. ஆறு வாரம் முடியும்வரை கட்டையில் உட்கார்ந்தான். கடைசியில் ஒரு மீனுக்குப் பத்து நிமிஷம் என்ற அளவுக்கு வந்தான். வித்யாவுக்கு அது இரண்டு நிமிஷ வேலை. வந்த காசைத் தினமும் சாயங்காலம் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு, உட்காராமல் திரும்பினான்.

தையல் பிரித்த பிறகு ஒருநாள், ஏரிச்சேற்றைப் பிசைந்து உருட்டி எடுத்துக்கொண்டு காந்தா வீட்டுக்குப் போனான். "கத்தி பிடிக்கிற மாதிரி இத்த பிடி" என்றான். அவள் பிடித்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் மடங்கின. சேற்றில் இரண்டு விரல் ஆழமாகப் பதிந்தன, மற்ற இரண்டு பதியவேயில்லை. அதைக் காயவைத்து, அதே மாதிரி பூவரசு மரத்தில் பிடி செதுக்கினான். விரல் எட்டாத இடத்தில், மரமே போய் விரலைத் தொடுகிற மாதிரி தடிமனாக விட்டான். வார்னிஷ் இல்லை. அரத்தால் சொரசொரப்பாக்கி, சைக்கிள் ட்யூபை அவனே சுற்றினான். தோய்ச்சலுக்கு ஜெசிந்தா ஒரு குடம் தண்ணீரை அவளாகவே கொண்டுவந்து வைத்தாள். பாத்ரூமுக்குக் குழாய் எப்போது போடுவாய் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஆனி மாதம் முதல் ஞாயிறு காந்தா வந்து ஏழாவது கட்டையில் உட்கார்ந்தாள். ஸ்டீபன் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். தனக்கோடி அதை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். பிடிக்க வரவில்லை. வித்யா பார்த்தாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஹேமாவதியும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்த எப்பிடி பிடிக்கிறது? எங்கியோ முட்டுது" என்றாள்.

"குடு" என்று காந்தா வாங்கிக்கொண்டாள். அவள் கைக்குள் அது சத்தமில்லாமல் போய் அடங்கியது. முதல் கிராக்கி நீட்டியது கெளுத்தி. வரிசையில் எல்லாக் கையும் நின்றது. காந்தா கத்தியைத் தலையில் இறக்கினாள். தலை இரண்டாகப் பிளந்தது. அவள் கத்தியைக் கழுவி, முறியாத அலகை வெயிலில் திருப்பி, அவன் பார்க்கட்டும் என்று தூக்கிக் காட்டினாள்.

ஸ்டீபன் கிட்டே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"கையக் காட்டு" என்றான்.

"கைல இன்னா கீது பாக்க? கத்திதான் நல்லா கீதே."

"கையக் காட்டு காந்தா."

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அவன் அந்த இரண்டு விரலையும் வெகுநேரம் பார்த்தான். தொடவில்லை.

"வலிக்குதா?"

"பனி நேரத்துல வலிக்கும்னு டாக்டரு சொன்னாரு" என்றாள் காந்தா. "தள்ளு நைனா, வெளிச்சத்த மறைக்காத. ஆளுங்க நிக்கிறாங்க."